மாரே என்று அழைக்க ஒருவர்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் மேயர் எஸ்தெலாவைப் பார்த்து "மாரே" என்றார். ஞானஸ்நானத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்பவர் அன்றிலிருந்து அதன் தாயை மாரே என்பார், தாய் அவரைப் பாரே என்பாள். எங்கள் தீவில் அது ரத்த உறவைவிடக் கெட்டி. பாரேயைப் பற்றி வெளியில் தப்பாக ஒரு வார்த்தை பேசக்கூடாது.

பெட்டிக்குள் இருந்தவள் ஜெனலின், எஸ்தெலாவின் ஒரே மகள், மேயரின் ஞானமகள். புயல் காப்பகத்தின் கூரை விழுந்து செத்தாள். அந்தக் காப்பகத்தைக் கட்டியவர் மேயர். அந்த "மாரே"யைக் கேட்ட கையோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

"மேயர் தியோதுலோ அப்ரசால்தோ ஒரு திருடர். அவருடைய கண்களில் எப்போதும்..."

(அடித்துவிட்டேன். திருடனுக்கென்று தனிக் கண் கிடையாது.)

"தென்கிழக்கிலிருந்து காற்று பேயாக..."

(இதுவும் வேண்டாம். புயலை வருணித்தால் வாசகர் புயலைத்தான் குற்றம் சொல்வார். மேயருக்கு வேண்டியதும் அதுதான்.)

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காப்பகம் கட்டிய இடத்தில் எஸ்தெலா கொத்தனார்களுக்குக் கஞ்சி விற்றாள். கூரைக்காக வந்து இறங்கிய கம்பிகளை மேயரே முன்னால் நின்று மறுபடி லாரியில் ஏற்றினார். அவருடைய சேவல் சண்டை அரங்கு அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.

"என்ன பாரே, கம்பியெல்லாம் திரும்பிப் போகுது?"

"துருப்பிடிச்சது மாரே. நல்ல கம்பி வருது. நம்ம பிள்ளைங்க ஒதுங்குற இடமாச்சே, விட்டுடுவேனா?"

சொல்லிவிட்டு அவளிடமே கஞ்சி வாங்கிக் குடித்தார். நல்ல கம்பி வரவேயில்லை. புயலில் சேவல் அரங்கு அசையாமல் நின்றது.

3

மேயரால்தான் எனக்குத் தலைவலி. வெறும் கெட்டவனாக அடங்க மாட்டேன் என்கிறார். சவப்பெட்டி அவர் செலவு. தோளும் கொடுத்தார். அவர் அழுதது நடிப்பில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.*

அழுத கண் காயுமுன் நிருபர்களிடம், "கட்டடத்துல குறையில்ல, காத்துதான் ஜாஸ்தி" என்றார். இளகிய மனசுக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பியே நாங்கள் தேர்தலுக்குத் தேர்தல் அவருக்கு ஓட்டுப் போட்டோம். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். கொத்தனாருக்குப் பாரே, லாரிக்காரனுக்குப் பாரே. தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி வந்தபோது இவர்களில் ஒருவருக்கும் எதுவும் ஞாபகமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த வாக்கியத்திலும் அடைக்க முடியவில்லை. மிச்சமிருந்த சாட்சி எஸ்தெலா மட்டும்தான்.

* நடிப்பாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் அன்றைக்கே முடித்திருப்பேன்.

4

"எஸ்தெலா எரிமலையாக..."

(வேண்டாம். அவளை எனக்குத் தெரியும். ஒரே தெருவில் வளர்ந்தோம்.)

அவளை விசாரிப்பதற்கு முந்தின நாள் அவளுடைய கஞ்சிக் கடைக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையே போயாச்சு எஸ்தெலா. இனி என்ன பாரே, மாரே? உறவு அத்துப்போச்சு. தைரியமா சொல்லு."

"நீ எழுதுறவன். உனக்கு லேசா அத்துப்போகும்."

"தப்பா சொல்லிட்டேனா?"

"முன்னல்லாம் சந்தையில ஜெனலின் அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப எல்லாருக்கும் நான் எஸ்தெலா. பாவம், மனசு நோகும்னு அந்தப் பேரையே எடுக்கிறதில்ல." மீனைப் புரட்டிப் போட்டாள். "அந்தாளு ஒருத்தன்தான் இன்னும் மாரேங்கிறான். அதைக் கேட்டா அவனைக் கொன்னுடலாம்னு வருது. கேக்காட்டி, எனக்குப் பிள்ளையே பொறக்காத மாதிரி இருக்கு. இதை எழுதிடுவியா நீ?"

நானும் அவளை எஸ்தெலா என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

5

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் எஸ்தெலா எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள், மேயர் சிறைக்குப் போகிறார். (எங்கள் ஊரில் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.) இன்னொன்றில் அவள் வாயே திறக்கவில்லை. அடுத்த தேர்தல், அடுத்த காப்பகம், அடுத்த...

(இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.)

இரண்டையும் கிழித்தாயிற்று. அவளை விசாரித்த அன்று நகராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. அதிகாரி எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வியையே அவளிடமும் கேட்டார்.

"மேயர் உங்களுக்கு என்ன வேணும்?"

பாரே என்றால், அதற்குமேல் அவள் அவருக்கு எதிராகப் பேச ஊர் வழக்கம் விடாது. ஒன்றுமில்லை என்றால், தன் வாயாலேயே ஜெனலினை இன்னொரு தடவை புதைக்க வேண்டும். முன்வரிசையில் மேயர் கண் கலங்கியிருந்தார். மெதுவாக, உண்மையான பிரியத்தோடு, "சொல்லு மாரே" என்றார்.

எஸ்தெலா எழுந்தாள்.

"அவர் எனக்கு..."

அந்த வாக்கியத்தை அவள் முடித்தாள். கூடத்தில் நானும் இருந்தேன், கேட்டேன். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அவள் சொன்னது சரியா தப்பா என்று நீங்கள் அவளை விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தச் சந்தடியில் மேயர் எழுந்து வெளியே போய்விடுவார்.

வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளிடம் பதில் கேட்குமுன், ஒரு தடவையாவது ஜெனலின் அம்மா என்று கூப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.