சேபொமுக்கான ஜெபம்

ஓக்ரான் நடத்திய வீட்டு ஜெபக்குழுவில் அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். எல்லோரும் தென்கொரியாவில் புச்சோன் நகரத்தில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை காலை, ஆண்கள் வேலைக்குப் போனபின், முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒரு பாட்டு, சபை அச்சடித்துக் கொடுத்த வேதபாடம், அதன்பின் ஒவ்வொருவராகத் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வது. யாருக்கு மூட்டுவலி, யார் மகனுக்குப் பரீட்சை, எந்த மாமியார் மறுபடி சண்டைக்கு நிற்கிறாள் என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு கடைசியில் ஓக்ரான் ஜெபிப்பாள். ஒரு பெயரும் விட்டுப்போகாது. அக்கா ஜெபம் பண்ணினால் பாதி வியாதி அந்த இடத்திலேயே போய்விடும் என்பாள் கும்ஹி. கும்ஹி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

இன்ஜா வந்து சேர்ந்தபோது அந்தக் குடியிருப்புக்கே புதியவள். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். முதல் நாளே கும்ஹி வழக்கம்போல எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இன்ஜா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரே மகள், பெயர் சேபொம், கனடாவில் டொரான்டோவில் நர்ஸுக்குப் படிக்கிறாள் என்றாள். அன்றைக்கு ஓக்ரான் அந்தப் பெயரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அதன்பின் வாராவாரம் சேபொம் வந்தாள். குளிரில் அவளுக்குக் காது வலித்தது. கூடத் தங்கியிருந்த பெண் காலையிலேயே மீன் பொரித்து வீட்டை நாறடித்தாள். உடற்கூறு பாடத்தில் தோற்றுப்போய், மறுபடி எழுதித் தேறினாள். பேக்கரி ஒன்றில் மாலைநேர வேலை கிடைத்தது. இன்ஜா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் மகளைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு தெளிவு வந்துவிடும். குழுவில் மூத்தவளான பாங் அம்மா தானே பின்னிய சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்றைக் கொடுத்து, அடுத்த பார்சலில் வைத்து அனுப்பச் சொன்னாள். இன்ஜா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவள் வந்த மூன்றாம் வருட இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இன்ஜா வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தாள். கூட்டம் முடிந்ததும் ஓக்ரான் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது இன்ஜாவின் கணவர். இன்ஜா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவதாகச் சொல்லி, உள்ளே வரச்சொன்னார். சமையலறைக்குப் போகும் வழியில் சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. மேசைமேல் ஒரு பெண்ணின் படம், படத்தின் மூலையில் இறந்தவர்களுக்குக் கட்டும் கறுப்பு ரிப்பன். படத்துக்கு முன்னால் அந்தச் சிவப்புத் தொப்பி.

ஓக்ரான் அப்படியே நின்றுவிட்டாள். கணவர் வந்து மெதுவாக அந்தக் கதவைச் சாத்தினார்.

மூளைக்காய்ச்சல் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அப்போது சேபொமுக்கு இருபத்திரண்டு வயது. கனடா போக விசாவும் வந்து, பெட்டியும் வாங்கியாகியிருந்தது. பழைய வீட்டில் இருக்க முடியாமல்தான் இந்த ஊருக்கு வந்தார்கள். இங்கே வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் இன்ஜா வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்ன சொல்லிவருகிறாள் என்பது அவருக்கே தெரியவந்தது.

"நிறுத்தலாம்னுதான் நெனச்சேன்ம்மா. ஆனா வியாழக்கிழமை ராத்திரியே அவ முகம் மாறிடும். என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே சோறு வடிப்பா. மத்த நாள்ல சாப்பிடவே மாட்டா. உங்களுக்குத் தெரிஞ்சதா காட்டிக்காதீங்க."

ஓக்ரான் சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஜா வந்தாள். டொரான்டோவில் முதல் பனி விழுந்துவிட்டதாம். சேபொமுக்கு நல்ல பூட்ஸ் இல்லையாம். எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் அவர்கள் சபையில் கிடையாது. ஆண்டவர் முன்னால் பொய் சொல்லவும் முடியாது. கடைசியில், தூரத்தில் இருக்கும் சேபொமை உம்முடைய கையிலேயே வைத்துக்கொள்ளும், அவள் தாயை ஆற்றும் என்று சொல்லி முடித்தாள். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றிலிருந்து வாராவாரம் அப்படித்தான் சொற்களைத் தேடித் தேடிக் கோத்தாள். போதகரிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டுமுறை சபை அலுவலகம் வரை போய்த் திரும்பினாள். வீட்டில் தன் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கும்ஹியின் மகனை அவன் கம்பெனி டொரான்டோவுக்கு மாற்றியது. கும்ஹிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே ஊரில் என்றால் அது கர்த்தர் போட்ட முடிச்சு அல்லாமல் வேறென்ன என்று கேட்டாள். இன்ஜாவைச் சம்பந்தி என்றே கூப்பிடத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இன்ஜாவும் சிரித்தாள். முகவரி கேட்டால் சேபொம் வீடு மாறப்போகிறாள் என்றாள். போன் நம்பர் கேட்டால், அவளுக்குக் கூச்சம், முன்பின் தெரியாதவர்களிடம் பேசமாட்டாள் என்றாள். கும்ஹி விடவில்லை. கடைசியில், அங்கே நம்மவர்கள் கூடும் சபைக்குத்தான் போகிறாள் என்று இன்ஜா சொல்லவேண்டியதாயிற்று. மகன் இரண்டு மூன்று சபைகளில் விசாரித்தான். அப்படியொரு பெண்ணை யாருக்கும் தெரியவில்லை.

கும்ஹிக்கு அது மனத்தாங்கலாகிவிட்டது. தன் மகனைத் தட்டிக்கழிக்கத்தான் இன்ஜா இப்படி மழுப்புகிறாள் என்று நினைத்தாள். பேச்சை விட்டுவிடும்படி ஓக்ரான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப்பார்த்தாள். ஏன் என்று கும்ஹி கேட்டபோது அடுத்த வாரப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

குழுவின் முறை கும்ஹி வீட்டுக்கு வந்தது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாற்கோதுமைத் தேநீரும் வைத்திருந்தாள். பாட்டு முடிந்து, பாடம் முடிந்து, விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்தது. இன்ஜா வாயைத் திறப்பதற்குள் கும்ஹி போனை எடுத்து மேசைமேல் சாய்த்துவைத்தாள். திரையில் அவள் மகன், வீட்டுச் சட்டையோடு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு.

"அவன் லைன்லயே இருக்கான், சம்பந்தி. நம்பரைச் சொல்லுங்க, இப்பவே பேசிடட்டும். இல்ல, என் பையனுக்கு அந்தத் தகுதி இல்லைன்னா அதையாவது வாயத் தெறந்து சொல்லிடுங்க."

"கும்ஹி, போனை எடு," என்றாள் ஓக்ரான்.

அவள் அப்படியொரு குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். இன்ஜாவும் பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

ஓக்ரான் ஆமென்று தலையாட்டினாள்.

"எப்பலேருந்து?"

"உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்பலேருந்து."

இன்ஜா பைபிளை மூடி மடியில் வைத்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, சேபொம் செத்துப்போய் ஐந்து வருடமாகிறது என்றாள். கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். பாங் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் அந்தப் பையன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கும்ஹி போனைக் கவிழ்த்தாள்.

"இந்த ஒரு எடத்துலதான்க்கா அவ உசிரோட இருந்தா," என்றாள் இன்ஜா ஓக்ரானிடம். "அஞ்சு பேர் நம்புறாங்கன்னு இருந்தேன். நாலு பேர்தானா. நீங்க சும்மா எனக்காகப் பேசிக்கிட்டு இருந்தீங்களா?"

சும்மா பேசவில்லை, ஒரு வார்த்தைகூடப் பொய்யாகச் சொல்லவில்லை என்று ஓக்ரான் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே அது எவ்வளவு உதவாத பதில் என்று அவளுக்குப் புரிந்தது. இன்ஜா பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முறைப்படி தலைவணங்கிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கும்ஹி அன்று மாலையே அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. மறுநாளும் போனாள். கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள். அது ஒரு வாரம் அங்கேயே இருந்து புளித்துப் பொங்கிற்று. தன்னால்தான், தன் வாயால்தான் என்று சொல்லி அழுதாள். மகனிடம் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. ஓக்ரான் எழுதிய செய்திகளை இன்ஜா படித்தாள், பதில் போடவில்லை. மார்ச் மாதம் அந்த வீடு காலியாயிற்று. குன்சானில் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள் என்று காவலாளி சொன்னார்.

குழுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி ஓக்ரான் போதகரைக் கேட்டாள். அவர் நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருடம் வேறு ஆள் இல்லை, ஆண்டவர் பெலன் தருவார் என்றார். அதனால் அவளே நடத்தினாள். ஆனால் முன்போல ஜெபிக்க வரவில்லை. பெயர்களைச் சொல்லும்போது யாராவது தன்னை உற்றுப்பார்க்கிறார்களோ என்று பாதியில் கண்ணைத் திறந்துவிடுவாள். பெண்களும் விண்ணப்பங்களைச் சுருக்கிக்கொண்டார்கள். மூட்டுவலி, சளி, அவ்வளவுதான். மாமியார்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோடை தொடங்கும் சமயத்தில் ஓக்ரான் குன்சானுக்குப் பஸ் ஏறினாள். வருவதாக மட்டும் எழுதியிருந்தாள். இன்ஜா வீட்டுக்கு அழைக்கவில்லை. பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். எதிரே இருந்த கடையில் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கி உட்கார்ந்தார்கள். இன்ஜா பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

ஓக்ரான் மன்னிப்புக் கேட்டாள். மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்லக்கா," என்றாள் இன்ஜா. "உங்களால வேற என்ன பண்ணியிருக்க முடியும். எனக்கு அது தெரியும்."

இந்த ஊரில் சபைக்குப் போகிறாயா என்று ஓக்ரான் கேட்டாள். இல்லை என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து கூப்பிட்டாளாம். எத்தனை பிள்ளைகள் என்று அவளும் கேட்டாளாம்.

"பிள்ளையே இல்லைன்னு சொல்லிட்டேன். கனடான்னு சொன்னப்பகூட இவ்வளவு உறுத்தலக்கா. இதுதான் பெரிய பொய்."

ஓக்ரான் கையை நீட்டி அவள் கைமேல் வைத்தாள். இன்ஜா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. வெளியே புச்சோன் பஸ் கிளம்புவதாகக் கூப்பிட்டார்கள். தூரம் அதிகம், கிளம்புங்கள் என்று இன்ஜாதான் முதலில் எழுந்தாள். காசு கொடுக்க ஓக்ரானை விடவில்லை.

பஸ் நகரும்வரை அவள் நடைமேடையில் நின்றாள். கை அசைக்கவில்லை. ஓக்ரான் வழியெல்லாம் ஜெபிக்கப் பார்த்தாள். யாருக்காக, என்ன கேட்பது என்று தெரியாமல், தாய், மகள் இரண்டு பேரின் பெயரை மட்டும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு புச்சோன் வந்து சேர்ந்தாள்.