கட்டிலடிச் செங்கல்

இப்போதெல்லாம் ஜனங்கள் பயப்படுவதற்கும் போன் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை எச்சரிக்கை மஞ்சள் என்றால் டீ குடிக்கலாம், ஆரஞ்சு என்றால் குடை எடுக்கலாம், சிவப்பு வந்தால் ஸ்கூல் லீவா என்று கேட்கலாம். ஒரு பயல் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. திருவேற்காடு டீக்கடையில் இதைச் சொல்லி, நாலு பேர் சிரித்த பிறகுதான் இக்னேஷியஸ் வீடு திரும்பினார்.

வந்ததும் வழக்கம்போலக் குனிந்து மனைவியின் கட்டிலடியைப் பார்த்தார். கால்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் ஒன்றுகூட இல்லை. போன வெள்ளத்தில் கூவம் ஆறு வீட்டுக்குள் புகுந்தபோது, வாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போயிருந்த ஞானம்மாள் முதுகு நனைந்தும் கூப்பிட முடியாமல் கிடந்தாள். அதிலிருந்து மழைக்காலம் பூராவும் அந்தக் கட்டில் செங்கல்மேல்தான் நிற்கும்.

ஞானம்மாள் கண்ணால் மகன் அறையைக் காட்டினாள்.

உள்ளே ஃபெலிக்ஸ் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கேமரா முகத்துக்கு நேராக வரவேண்டும் என்று மேஜையைச் செங்கல்மேல் ஏற்றியிருந்தான். அந்தச் செங்கல்கள்தாம்.

"ஃபியர்னா ஆதியில பயப்படறதே இல்ல. திடீர்னு வந்து விழற ஆபத்துக்குத்தான் அந்தப் பேரு. வினைச்சொல்லா வந்தப்பகூட அடுத்தவனைப் பயமுறுத்தறதுதான் அர்த்தம். தானே பயப்படறதுங்கறது பின்னாடி வந்தது. இப்ப எங்க நைனாவையே எடுத்துக்கோங்க, ரெண்டு தூறல் போட்டா செங்கல்லத் தேடுவாரு!"

பெட்டிக்குள் யாரோ சிரித்தார்கள்.

ஆபத்து வெளியே இருந்ததாம், பிறகு நெஞ்சுக்குள் போய்விட்டதாம். கூவம் வாசல் வழியாகத்தான் வந்தது, எவன் நெஞ்சிலிருந்தும் வரவில்லை.

"கல்லு குட்றா," என்றார் அறை வாசலில் நின்ற இக்னேஷியஸ்.

ஃபெலிக்ஸ் மைக்கை அணைத்தான். "ஆரஞ்சுதான் நைனா. ரெட்டு வரட்டும், நானே வச்சுத் தரேன்."

"அன்னிக்குத் தண்ணி உன்னாண்ட கலர் சொல்லிட்டா வந்துச்சு?"

"நீ பயந்து பயந்து அம்மாவையும் பயமுறுத்திகினு கீற. அது மூஞ்சியப் பாத்தியா?"

இக்னேஷியஸ் மேஜையைத் தோளால் தூக்கிச் செங்கல்களை ஒவ்வொன்றாக உருவினார். திரையில் ஃபெலிக்ஸின் தலை போய், சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. கற்களை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

கட்டிலின் ஒரு மூலையைத் தூக்கிக் காலால் கல்லைத் தள்ளினார். கட்டில் சாய்ந்தது. ஞானம்மாளின் நல்ல கை சட்டத்தை இறுகப் பற்றியது, கண்களை மூடிக்கொண்டாள். மகன் சொன்னது ஒரு நொடி உள்ளே உறுத்தியது. "புட்ச்சிக்கோ," என்று முனகிவிட்டு அடுத்த மூலைக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.