ஜூலை பதினொன்றாம் தாளின் பின்பக்கம்

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு? ஏழு. மனிதன் கழுத்தில்? அதுவும் ஏழுதான். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? மூன்று. வெள்ளிக் கிரகத்தில் எது நீளம், ஒரு நாளா, ஒரு வருடமா? நாள். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் சூரியனையே சுற்றி வந்துவிடும். சரி, அடுத்தது. அடுத்ததைக் கேள், வேல்விழி. வாயை மட்டும் திறந்துவிடாதே.

கோபம் வந்தால் வேல்விழி இப்படித்தான் தனக்குள் கேள்வி கேட்டுக்கொள்வாள். பத்துப் பதினைந்து கேள்விக்குள் நெஞ்சு அடங்கிவிடும். இன்றைக்கு முப்பதைத் தாண்டியும் அடங்கவில்லை.

முதலாளி ராஜபாண்டியன் தட்டச்சு செய்த ஒரு தாளை மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மருமகள் ஹர்ஷினி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்துத்தா. நாலு மணிக்குத் திருநெல்வேலி ஜவுளிக்கடைக்காரர் வந்துருவாரு. வருசா வருசம் மொத ஆர்டர் அவரோடதுதான். இந்த வருசம் வேற கம்பெனிக்குப் போறேங்காரு. இந்தக் காயிதத்தக் காட்டுனா மனுசன் சமாதானமாயிருவாரு" என்றார் ராஜபாண்டியன்.

வேல்விழி தாளைத் தொடவில்லை.

சிவகாசியில் இந்த அச்சகத்துக்கு அவள் வந்து பதினாறு வருடம். தினமும் ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். பைண்டிங் பகுதியில் வேலை. பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். சீசன் இல்லாத மாதங்களில் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் அச்சுக்கு வரும். தாள்களை மடித்து வரிசை சேர்க்கும்போது அவள் கண் சும்மா இருக்காது. கேள்விகள் ஒரு தாளில் இருக்கும். விடைகளெல்லாம் கடைசித் தாளில். அந்தத் தாள் மிஷினிலிருந்து இறங்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அவள் கேள்விகளோடு திரிவாள். உலை கொதிக்கும்போது, வேனில் நின்றுகொண்டே வரும்போது, ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கடைசித் தாள் இறங்கியதும் தன் விடை சரி என்று தெரிகிற அந்த நொடியில் உடம்பெல்லாம் குளிர்ந்துபோகும். அப்படி ஒரு சந்தோஷத்தை அவளுக்குக் கல்யாணமும் தரவில்லை, கழுத்தில் கிடந்த நகையும் தரவில்லை. தவறு என்று தெரிந்தால் அதைவிடச் சந்தோஷம். புதிதாக ஒன்று கிடைத்துவிட்டதல்லவா?

பிறகு அது மதியச் சாப்பாட்டு நேரத்து விளையாட்டானது. வேல்விழி கேட்பாள், சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் பதில் சொல்ல வேண்டும்.

"உலகத்துலயே பெரிய பாலைவனம் எது?"

"எங்க வீட்டுத் தண்ணிக்கொளாதான்" என்பாள் பொன்னுத்தங்கம். "பதினோரு நாளாச்சு, ஒரு சொட்டு வரல."

"அண்டார்டிகா, அக்கா."

"ஏடி, அங்கன பனியில்ல கெடக்கு? எங்களக் கிறுக்கச்சின்னு நெனச்சியா?"

"மழையே பெய்யாட்டி பாலைவனந்தான். சூடா இருக்கணும்னு எவன் சொன்னான்?"

"அப்ப எங்க வீட்டுக்காரருகூட பாலைவனந்தாண்டி. பேச்சே கெடையாது" என்பாள் பொன்னுத்தங்கம். சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரிப்பார்கள். ஆனால் மறுநாள் அதே பொன்னுத்தங்கம், "என் மருமவன மடக்கிட்டேன்டி, முளிச்சான் பாரு முளி" என்று வந்து சொல்வாள்.

அப்படி ஒரு மதியம் ராஜபாண்டியன் அந்தப் பக்கமாக வந்தவர், நின்று கேட்டார். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, நாளுக்கு ஒரு கேள்வி போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இன்றைய கேள்விக்கு விடை நாளைய தாளில். வேல்விழி இரண்டே மாதத்தில் முந்நூற்று அறுபத்தைந்தையும் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் விருதுநகர் நூலகத்தில் இரண்டு புத்தகத்திலாவது சரிபார்த்தாள்.

எழுதும்போது தனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தாள். ஆடியில் கடைக்காரர்களுக்குக் காட்ட மாதிரி ஆல்பம் போட்டு, ஆவணி புரட்டாசியில் அச்சடிக்கிற தாளை வாங்குகிறவர் அடுத்த வருடம்தான் கிழிப்பார். அதனால் 'தற்போது', 'இன்றைய' என்று தொடங்கும் கேள்வி கூடாது. மந்திரி மாறலாம், மாவட்டம் பிரியலாம், சாதனையை எவனாவது முறியடிக்கலாம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மாறாது.

காலண்டர் அச்சாகி வந்தபோது அட்டையின் அடியில் 'வினாக்கள் தொகுப்பு: ஹர்ஷினி மகேஷ்குமார், எம்.பி.ஏ.' என்று இருந்தது.

"பேருன்னா படிச்சவுக பேரு இருந்தாத்தானத்தா கடைக்காரன் மதிப்பான்" என்று ராஜபாண்டியன் சொன்னார். கம்பெனியில் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்கள். வேல்விழி வாங்கிக்கொண்டாள். அந்தச் சேலையை இதுவரை மூன்று முறை கட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தன்மீதே எரிச்சல் வந்தது. ஏன் வாங்கினோம்? வேண்டாம் என்று சொல்ல எத்தனை எழுத்து? பேர்தானே, போகட்டும், கேள்வி நம்முடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்ளும்போதே அது பொய் என்றும் தெரிந்திருந்தது.

அந்தக் கேள்விகளில் ஒன்றே ஒன்று மட்டும் அவளுடையது அல்ல.

ஜூலை பதினொன்றுக்கு அவள் ஒட்டகச்சிவிங்கியைத்தான் வைத்திருந்தாள். அச்சுக்கு முன் சரிபார்க்க வந்த தாளில் அது இல்லை. 'உலகில் தற்போது மக்கள்தொகை மிகுந்த நாடு எது?' என்று இருந்தது. பன்னிரண்டாம் தாளில் விடை: சீனா. அன்று உலக மக்கள்தொகை நாள் என்பதால் ஹர்ஷினி மாற்றியிருந்தாள். வேல்விழி தாளோடு மாடிக்கு ஓடினாள்.

"இது வேண்டாம்மா. அடுத்த வருசம் நாமதான் மொதல்ல வருவோம்னு பேப்பர்ல போட்டுருக்கான். நம்ம தாள் அடுத்த வருசந்தான கிளிபடும்?"

"நெட்லயே சைனான்னுதான் இருக்குக்கா. நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்."

புரட்டாசியில் அந்தத் தாள்களை வேல்விழியே அடுக்கினாள். ஜவுளிக்கடைக்கு மட்டும் எட்டாயிரம் காலண்டர் கட்டு. தவறென்று தெரிந்த தாளைக் கையால் தட்டி நேர்செய்து, தகரப்பட்டி அடிக்கக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

அவள் சொன்னதுபோலவே ஏப்ரல் மாதம் இந்தியா முந்திவிட்டதென்று செய்தி வந்தது. ஜூலையில் யாரோ ஒரு வாத்தியார் அந்த இரண்டு தாளையும் கடைப் பெயரோடு படம் பிடித்து, 'பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதி வாட்ஸப்பில் விட்டுவிட்டார். திருநெல்வேலி முழுக்கச் சுற்றியது.

"வாசிச்சுப் பாரு, ஒண்ணும் தப்பா எளுதல" என்றார் ராஜபாண்டியன்.

வேல்விழி இப்போதுதான் குனிந்து வாசித்தாள். வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக. 'பைண்டிங் பகுதியில் பணிபுரியும் வேல்விழி ஆகிய நான், போதிய பொது அறிவு இல்லாத காரணத்தால், மேலிடத்தின் அனுமதி பெறாமல் மேற்படி வினாவைச் சேர்த்துவிட்டேன்.'

போதிய பொது அறிவு இல்லாத காரணத்தால்.

மேலிடத்தின் அனுமதி என்பதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த ஐந்து சொல்லைத்தான் கண் விடவில்லை. பேரை எடுத்தார்கள், கொடுத்தாள். சேலையைக் கொடுத்தார்கள், வாங்கினாள். இப்போது தெரிந்ததையே தெரியாது என்று எழுதித்தரச் சொல்கிறார்கள். அவளிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். நாளைக்குப் பொன்னுத்தங்கத்தின் முகத்தைப் பார்த்து எப்படி ஒரு கேள்வி கேட்பது? அடுப்படியில் நின்று தனக்குத்தானே எப்படிக் கேட்டுக்கொள்வது?

அவள் ஹர்ஷினியைப் பார்த்தாள். "நான் மாடிக்கு வந்து சொன்னேன்லம்மா?"

ஹர்ஷினி கைப்பேசியிலிருந்து முகத்தைத் தூக்கினாள். கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. "எனக்கு ஞாபகம் இல்லக்கா. எவ்வளவோ வேலை அப்ப."

ஞாபகம் இருந்தது. கண்ணிலேயே தெரிந்தது. இல்லாமல் இருந்திருந்தால்கூட வேல்விழி மன்னித்திருப்பாள்.

"பளசக் கிண்டாதத்தா" என்றார் ராஜபாண்டியன். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒன் மேல நடவடிக்கையா எடுக்கப் போறேன்? கடைக்காரன் முன்னால ஒரு பேச்சுக்கு. ஹர்ஷினி பேர் கெட்டா கம்பெனி பேரே கெட்ட மாதிரி. ஒனக்கென்ன, ஒன்னைய யாருக்குத் தெரியும்?"

அவர் தாளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒன் மக கீர்த்திகாவுக்குக் காலேஜ்ல எடம் கேட்டு அலைஞ்சப்ப யாரு போன் போட்டா? நெனச்சுப் பாரு. அடுத்த வருசக் கேள்வியும் நீதான் எளுதப் போற. வேணும்னா அட்டையில ஒன் பேரையும் சின்னதாப் போட்டுருவோம். இப்ப இதப் போடு."

போன் போட்டது உண்மை. அதற்காக மகளோடு வந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டதும் உண்மை. அந்த நன்றி இன்னும் அவளுக்குள் இருந்தது. கோபத்தோடு கோபமாக அதுவும் புரண்டது. ஒரு மனுசிக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்குமா என்று யாராவது கேட்டால், இருக்கும் என்பாள். அட்டையில் பேர் என்றதும் உள்ளே ஒன்று ஒரு கணம் எம்பியது. அதைக் கவனித்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

ராஜபாண்டியன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "இந்தா. மணி மூணே முக்கால் ஆச்சு."

அவள் பேனாவை வாங்கினாள். ஹர்ஷினி மூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். வேல்விழி பேனாவை அந்தத் தாளின்மேல் குறுக்காகப் படுக்க வைத்தாள். இரண்டையும் சேர்த்து, கையால் நேர்செய்து, அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"மொதலாளி, அது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு எளுதித் தர மாட்டேன்."