இரண்டாம் தரம் கேட்கவில்லை

அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. எனிஃபா அதன் எதிரே குந்திக்கொண்டு, கரண்டியைக் கையில் வைத்தபடி தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னடி எனிஃபா, கோழிகிட்டயா பேசுற? அது எப்பவோ போய்ச் சேந்துடுச்சே!” என்றாள் பக்கத்து வீட்டு டைலேசி, வேலிக்கு மேலே தலையை நீட்டி.

“போடி. கம்பெனி அம்மா வருதில்ல, அதுகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பாத்துக்கிறேன். பாதியில மறந்துட்டா என் பொண்ணு கதி என்ன ஆகுறது?”

டைலேசி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கதை ஊருக்கே தெரியும். எனிஃபாவின் மகள் ஃபலேசி தலைப்பிரசவத்தின்போது மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு, மாவட்டத் தலைமையிடமான போமாவின் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் பிழைத்ததே பெரிது. அதற்குப் பிறகுதான் தொலைபேசிக் கம்பெனி ஒன்று புண்ணியம் தேடிக்கொண்டு ஷிரே ஆற்றங்கரைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் படுக்கை பூட்டிய ஒரு மஞ்சள் வண்டி, அதை ஓட்ட ஜோஃபிலி, அவனுக்குச் சம்பளம், வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் கம்பெனி செலவு. ஊரின் சுகாதாரத் தொண்டர் எனிஃபா. யாருக்கு வலி கண்டாலும் அவள் குரல் கொடுப்பாள், ஜோஃபிலி வண்டியை உதைப்பான். அன்று முதல் நாமிசோ ஊரில் பிள்ளை பெறப் போனவள் ஒருத்தியையும் புதைக்கவில்லை.

இப்போது ஃபலேசி மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். மழைக்காலத்தில் பிரசவம். இந்த நேரம் பார்த்துத்தான் ஜோஃபிலி அந்தச் சேதியைக் கொண்டுவந்தான்.

“கம்பெனிக்காரங்க பாத்துட்டுப் போகத்தான் வர்றாங்கக்கா. எந்த ஊருக்கு வண்டி இன்னும் வேணும், எந்த ஊருக்கு வேணாம்னு முடிவு பண்ணுவாங்களாம். நம்ம ஊர்ல நல்லாப் பேசுங்க.”

எனிஃபா நன்றாகத்தான் பேசப் போகிறாள், தன் மகளின் பிரசவம்வரையாவது வண்டி இங்கே இருக்க வேண்டும் என்று. எப்போது பேச வேண்டும் என்பதில்தான் விஷயம் இருந்தது.

நாமிசோவில் நலம் விசாரிப்பது இரண்டு தரம் நடக்கும். வந்தவர் நின்றபடி “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “நல்லா இருக்கோம், நீங்களும் நல்லா இருந்தா” என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பிணம் கிடந்தாலும் அதுதான் பதில். பிறகு விருந்தாளியை மாமரத்தடியில் உட்கார வைத்து, கைகழுவத் தண்ணீர் ஊற்றி, களியும் குழம்பும் பரிமாறி, சாப்பிட்டு முடித்த கையைக் கழுவும்போது அவர் இரண்டாம் தரம் கேட்பார். அப்போதுதான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லலாம். முதல் கேள்விக்கே குறையைக் கொட்டுகிறவன் ஒன்று குடிகாரன், இல்லை சண்டைக்காரன். வாசலில் நிற்பவரின் தலையில் மூட்டையை ஏற்றுவது போல அது.

அதனால்தான் அந்தக் கோழி. சாப்பிட்டால்தானே இரண்டாம் தரம் கேட்பார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது மூன்று வெள்ளை வண்டிகள் புழுதியோடு வந்து நின்றன. கம்பெனி கொடுத்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெண்கள் ஆடினார்கள். துணி முழுக்கக் கம்பெனியின் முத்திரை. பின்பக்கத்தில் அது குலுங்கியதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். தலைவர் லைசோனி எழுந்து பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அம்மாள் நெற்றி சிவக்க, முகத்தில் சிரிப்போடு நின்றாள். நல்ல பெண்மணிதான், அதில் சந்தேகமில்லை. அவள் பக்கத்தில் மொழிபெயர்க்க மசௌகோ இருந்தான். பிளான்டயர் நகரத்துக் கம்பெனி ஆபீசில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. ஆனால் பிறந்து வளர்ந்தது இதே ஆற்றங்கரையில், இரண்டு ஊர் தள்ளி.

பெரிய அம்மாள் எனிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ஒரு பையன் கேமராவை எனிஃபாவின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாங்கம்மா. வண்டி வந்தப்புறம் ஏதாவது குறை இருக்கான்னும் கேக்குறாங்க,” என்றான் மசௌகோ.

எனிஃபா திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் ஃபலேசி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நின்ற இடத்தில், வெயிலில், விருந்தாளி இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதபோது, என்னவென்று சொல்வது?

“நல்லா இருக்கோம், நீங்களும் நல்லா இருந்தா. ஒரு குறையும் இல்லம்மா.”

மசௌகோ அதை அப்படியே மொழிபெயர்த்தான். பெரிய அம்மாளின் கண் கலங்கிவிட்டது. எனிஃபாவைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

“சாப்பிட வரச் சொல்லுங்க தம்பி. எல்லாம் தயாரா இருக்கு.”

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் மணிக்கட்டைப் பார்த்தார். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதுவும் போக அடுத்த ஊரில் காத்திருக்கிறார்களாம். பாட்டில் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வண்டியில் ஏறத் தொடங்கினார்கள்.

எனிஃபா ஓடிப்போய் மசௌகோவின் சட்டைக் கையைப் பிடித்தாள். “தம்பி, இன்னொரு தரம் கேக்கச் சொல்லுங்க.”

“என்னத்தைம்மா?”

“அதான்... ரெண்டாந்தரம்.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் மாறியதிலேயே தெரிந்தது. அவன் அம்மாவும் விருந்தாளிக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றியவள்தானே. வண்டிக்குள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“அவங்க ஊர்ல ஒரு தரம்தான் கேப்பாங்கம்மா,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க. நான் சொல்றேன்.”

சொல்லியிருக்கலாம். அடுப்பெதிரே உட்கார்ந்து ஒத்திகை பார்த்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கேட்காத வாயிடம், அதுவும் கிளம்பிப் போகும் விருந்தாளியின் முதுகைப் பார்த்து, எந்த மானமுள்ள பெண் பேசுவாள்? பிறந்தது முதல் பழகிய மரியாதை அவளைப் பேச விடவில்லை. பாழாய்ப் போன மரியாதை. வண்டியின் கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கோழியைத் தலைவர் லைசோனி சாப்பிட்டார். ருசியாக இருந்தது என்றும் சொன்னார்.

அடுத்த மாதம் ஜோஃபிலி மஞ்சள் வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு, விடைபெற்றுப் போக வந்தான். வண்டி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு ஊருக்குப் போகிறது. நாமிசோ தன் காலில் நின்றுவிட்டது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டதாம்.

“உங்க படத்தைத்தான் பெரிய கூட்டத்துல போட்டுக் காட்டினாங்களாம்க்கா. ‘ஒரு குறையும் இல்ல’ன்னு நீங்க சொன்னதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்களாம்.”

அவனுக்கு அதைச் சொல்லும்போது அழுகை வந்தது. எனிஃபாவுக்கு வரவில்லை. அவள் உள்ளே போய், மகள் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் ஃபலேசிக்கு வலி கண்டது. கூடவே இரத்தமும் போகத் தொடங்கியது. டைலேசியின் புருஷன் மாட்டைப் பூட்டினான். போமா பாதை முழுக்கக் களிமண். சக்கரம் புதைவதும், இறங்கித் தள்ளுவதும், மறுபடி புதைவதுமாக வண்டி ஊர்ந்தது. பழைய மாட்டு வண்டி, பழைய பாதை, படுத்திருப்பவளும் அதே ஃபலேசி. கம்பெனித் துணியை நான்காக மடித்து எனிஃபா அவள் அடியில் வைத்திருந்தாள். முத்திரை தெரியாதபடி அது நனைந்துவிட்டது.

மேடான ஒரு இடத்தில் எனிஃபாவின் கைப்பேசியில் சிக்னல் கிடைத்தது. ஜோஃபிலி போகும்போது கொடுத்துவிட்டுப் போன எண்ணில் மசௌகோவைக் கூப்பிட்டாள்.

“அம்மா! எப்படி இருக்கீங்க?” என்றான் அவன்.

“நல்லா இல்ல தம்பி!” எனிஃபா கத்தினாள். முதல் கேள்விக்கே கத்தினாள். “நல்லாவே இல்ல! என் பொண்ணு செத்துக்கிட்டிருக்கா. வண்டியை அனுப்புங்க. உங்க கம்பெனிப் பெரிய அம்மாகிட்டச் சொல்லுங்க, அன்னிக்கு நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க!”

மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த ஊரில் யாரும் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

“வண்டி அக்கரையில இருக்கும்மா,” என்றான் மசௌகோ. “ஆத்துல வெள்ளம். படகு விடல.” பிறகு ஏதோ மன்னிப்புக் கேட்டான். பாதியில் சிக்னல் அறுந்துவிட்டது.

ஃபலேசி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. “ஊருக்கே கேக்குற மாதிரிக் கத்துறியேம்மா,” என்றாள். “வெக்கமா இல்ல?”

எனிஃபா அவள் முகத்தில் விழுந்த மழைத் தண்ணீரைத் துடைத்தாள். “எப்படிம்மா இருக்க?”

“நல்லா இருக்கேன்,” என்றாள் ஃபலேசி. “நீயும் நல்லா இருந்தா.”

வண்டி மேட்டிலிருந்து இறங்கி மறுபடியும் சேற்றில் புதைந்தது. டைலேசியின் புருஷன் மாட்டை அதட்டினான். சக்கரம் அசையவில்லை. எனிஃபா மகளின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அந்தக் கை மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது. அவள் குனிந்து, முறைப்படி, இரண்டாம் தரம் கேட்டாள்.

“நிஜமாவே எப்படிம்மா இருக்க? சொல்லு. இப்பச் சொல்லலாம்.”

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.