வர்ஜீனியாவின் வால்

அமெரிக்க ஊரான லின்ஃபீல்டில், சதாசிவத்தின் வீட்டு வரவேற்பறையில், ஒரு குடியரசு பிறந்துகொண்டிருந்தது. தலைவர் சதாசிவம் அப்படித்தான் நம்பினார். நூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட தமிழ்ச் சங்கத்தின் புதிய விதிகளை அவர் அரசியல் சாசனம் என்றே சொல்வார், கொஞ்சம் இருமிவிட்டு.

எழுதித் தந்தவள் சிந்து. அமெரிக்க மாநிலங்களின் முதல் சாசனங்களை ஆய்வு செய்பவள். மூன்று வருடமாகச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பாத்திரம் கழுவியும், மாணவர் விசாக்காரர்களுக்கு முழு அங்கத்துவம் இல்லை என்பதால் அவளுக்கு ஓட்டு இல்லை. இந்தத் தடவை அதை வாங்கிவிடுவது என்றுதான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். நம்பிக்கையெல்லாம் முதல் வரிமேல்: "எல்லோரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள்."

சதாசிவம் கண்ணை மூடிக் கேட்டார். "வடிவான வசனம், பிள்ளை. கல்லிலை வெட்டலாம்."

செயலாளர் பழனிவேல் தாடையைச் சொறிந்தார். "எல்லாரும்னா ஸ்டூடன்ட்ஸுமா சார்? நாப்பது பேரு. ஓட்டு வந்தா அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் பாத்திரம் கழுவுவோம்."

தலைவரின் கண் திறந்துகொண்டது. "வசனத்திலை கை வைக்க வேண்டாம். பின்னாலை சின்ன வாலொண்டு போடுவம். 'முழு அங்கத்துவம் பெற்ற பின்' எண்டு."

"அங்கிள், 1776ல வர்ஜீனியாவுல இதேதான் பண்ணாங்க," என்றாள் சிந்து. "எல்லாரும் சமம்னு எழுதினாங்க. அப்ப அடிமைங்களும் சமமான்னு கேள்வி வந்ததும், 'சமுதாயத்துக்குள் வரும்போது'ன்னு ஒரு வால். அடிமைங்கதான் சமுதாயத்துலயே சேர்த்தி இல்லையே."

கூசிப்போவார்கள் என்று காத்திருந்தாள். சதாசிவத்தின் முகம் மலர்ந்தது.

"வர்ஜீனியாவிலையோ? பாத்தீரே பழனிவேல், எனக்குத் தன்பாட்டிலை வந்திருக்கு."

"முன்னுதாரணமே இருக்கு சார்."

"மாசசூசெட்ஸ்ல வால் போடல," என்றாள் சிந்து. "அந்த வரியைக் காட்டியே ஒரு அடிமைப் பொண்ணு கோர்ட்ல ஜெயிச்சு விடுதலை வாங்கினா."

"அப்ப அது கவனக்குறைவு," என்றார் தலைவர் வருத்தத்தோடு.

"சரி, நேராவே எழுதிடுறேன். 'மாணவர்களுக்கு ஓட்டு கிடையாது.'"

இருவரும் பதறினார்கள். "சீ, அப்பிடி எழுதப்படாது பிள்ளை. வாசிக்கிற சனம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"அப்ப வாலை நீங்களே எழுதிக்கோங்க," என்று சிந்து மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே இரண்டு கைகள் உயர்ந்தன. "ஏகமனதாக நிறைவேறியது," என்று பழனிவேல் அறிவித்தது தெருவரை கேட்டது.