பின்கதவுக்கு மட்டும் புதுப் பளபளப்பு

வாசல் கேட் தூண் எங்கேயும் நகர்ந்து வரவில்லை. கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில்தான் நின்றது. ஆனாலும் மருமகள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கதவைக் கொண்டுபோய் அதில்தான் இடித்தாள். இடது பின்கதவில் தட்டு அகலத்துக்குப் பள்ளம். பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது.

வண்டி மாமனாருடையது. அதைத் துடைக்கவென்றே தனித் துணி வைத்திருக்கும் மனுஷன். மருமகளுக்கு ஊர்க்கோடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. விடியற்காலை ஷிப்டுக்கு பஸ் கிடையாது. பெரிய மனசு பண்ணிச் சாவியைக் கொடுத்தவர், "ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். சாவி போனால் வேலையும் போச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவர் நாளை சாயங்காலம் திரும்பிவிடுவார்.

"நல்லா இடிச்ச போ. தூணுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் மாமியார். அந்த வாய்க்குப் பயந்தே மருமகள் பாதி நாள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுதா பள்ளம் நிமிருமா? அந்த ஒர்க்‌ஷாப்காரன் உங்க மாமாவோட சீட்டாடுறவன், வாய் சும்மா இருக்காது. நாமளே பாத்துக்கலாம். என்ன வேணுமோ வாங்கிட்டு வா."

கதவோரம் ஒட்டியிருந்த நிற எண்ணைக் குறித்துக்கொண்டு மருமகள் பெயிண்ட் கடைக்கு ஓடினாள். வந்ததும் செல்போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கதவின் உள்பலகையைக் கழற்றினாள். மாமியார் வெளியே மரக்கட்டையை அணைத்துப் பிடிக்க, அவள் உள்ளேயிருந்து மரச்சுத்தியலால் தட்டினாள். பள்ளம் முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதியை நிரப்பப் பட்டிப் பசை குழைத்தபோது அவசரத்தில், அதை இறுக வைக்கும் ஹார்டனரை அள்ளிப் போட்டுவிட்டாள். கதவுக்குப் போவதற்குள் அது தட்டிலேயே கல்லாகிவிட்டது.

"என் தட்டு!" என்று அலறினாள் மாமியார். அடுத்த நிமிஷமே இன்னொரு தட்டை எடுத்து நீட்டினாள்.

இரண்டாவது தடவை குழைத்துப் பூசின பட்டி காய்ந்ததும் இருவரும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார்கள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, "இங்க இன்னும் மேடு இருக்கு, தேய்" என்பாள். அந்த வயசில், அந்த முட்டிவலியோடு, சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அவள் தேய்ப்பதைப் பார்க்க மருமகளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ராத்திரி அடிப்பூச்சாகச் சாம்பல் நிற ப்ரைமர் பூசினார்கள். மறுநாள் அது காய்ந்ததும் சுற்றிலும் பேப்பர் ஒட்டி, கதவு முழுக்க நிறம் அடித்தார்கள். பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை.

மாமனார் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பின்கதவருகே நின்றுவிட்டார்.

"வண்டி முழுக்க வெயில்ல வெளுத்துக் கிடக்கு. இந்தக் கதவு மட்டும் ஏன் இப்படி மினுங்குது?"

அடக் கடவுளே! நிற எண்ணைப் பார்த்து வாங்கினவள் வெயிலை மறந்துவிட்டாள். சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் இடிச்சேன்" என்றாள் மாமியார்.

"நீயா? உனக்கு வண்டியில பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாமத்தானே இடிச்சேன். ஓட்டக் கத்துக்கலாம்னு எடுத்தேன். ஏன், எடுக்கக் கூடாதா?"

"இல்ல மாமா, வந்து..."

"நீ சும்மா இரு!" என்று அதட்டினாள் மாமியார்.

பெற்றவள்கூட இப்படிப் பழியைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வாளா என்று மருமகளுக்குத் தோன்றியது.

மாமனார் மனைவியின் கையைப் பார்த்தார். மருமகளின் கையைப் பார்த்தார். நாலு கையிலும் நகக்கண்ணெல்லாம் ப்ரைமர் சாம்பல் நிறம். மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி. ஆசைப்பட்டுட்ட, முழுசாக் கத்துக்கோ. மருமகளே, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். தினமும் ஷிப்டு முடிஞ்சு வந்ததும் உங்க அத்தைக்கு நீயே ஓட்டக் கத்துக்குடு."

மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது. "நானா? இந்த வயசுலயா?"

மருமகள் அவள் கையைப் பிடித்து முன்கதவைத் திறந்துவிட்டாள். "பயப்படாதீங்க அத்தை. நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."