கதவுக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல்

பெயிண்டர் செத்த பிறகும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. காலையில் அவர் மனைவி டீயைப் போட்டுவிட்டுத் திரும்பினால், முன்னறை மூலையில் கவிழ்த்துப் போட்ட காலி வாளிமேல் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவள் டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் பழகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் மனிதர் இப்படித்தான் வாயைத் திறக்காமல் குந்தியிருப்பார். இப்போது டீ கேட்பதில்லை, அவ்வளவுதான். பெருக்கும்போது “காலைத் தூக்குங்க” என்றால் தூக்குவார்.

மகள் கண்ணுக்குத்தான் அவர் தெரியவில்லை. அவளும் பெயிண்டர், அப்பாவிடமே தொழில் கற்றவள். மெஷினில் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் அவள் சேர்ந்த அன்று, “மகாராணி சுவத்துக்குப் பூச்சி மருந்து அடிக்கப் போறாங்களாம்” என்றார். அதோடு பேச்சை நிறுத்தியவர்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரேம்மா. இப்பவும் உனக்கு மட்டும்தான் வருவாராமா?”

“எங்கிட்ட மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்காரு?”

மறுநாள் மகள் லீவு போட்டுவிட்டு, மெஷின் இல்லாமல், அப்பாவின் பிரஷ்ஷோடு வந்து முன்னறைக்குப் பெயிண்ட் அடித்தாள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை மனசுக்குப் பிடித்திருந்தால், ஈரம் காய்வதற்குள் கதவுக்குப் பின்னால் சுவரில் கட்டைவிரலை அழுத்தி வைப்பார். சுவருக்குப் பட்டி பூசும் கத்தி கிழித்த தழும்பு அதில் குறுக்குக் கோடாக விழும். பிடிக்காவிட்டால் வைக்கமாட்டார், வீட்டுக்காரர் கெஞ்சினாலும் வைக்கமாட்டார்.

கடைசிக் கோட் முடிந்ததும் மகள் கதவுக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிரஷ் கழுவப் பின்பக்கம் போனாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “பெத்த பொண்ணுதானே? எழுந்திரிச்சு ஒரு விரல் வச்சா குறைஞ்சா போயிடுவீங்க? செத்தும் இந்த வீம்பு போகலையே!”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும். விறுவிறுவென்று போய்த் தன் கட்டைவிரலையே சுவரில் அழுத்திவிட்டுக் கையை மூடிக்கொண்டாள்.

மகள் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் குழந்தை மாதிரி தேம்பினாள். அப்பாடா என்றிருந்தது அம்மாவுக்கு.

“அம்மா, இங்க வாயேன். ரெண்டு இருக்கு.”

“ரெண்டா?”

கீழே இருந்தது சின்னது, லேசாக வழுக்கியிருந்தது. அதற்கு மேலே, அம்மாவின் கை எட்டாத உயரத்தில், இன்னொன்று. அகலமாக, அழுத்தமாக, குறுக்கே ஒரு கோட்டோடு.

மகள் அம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள். “போய்க் கையக் கழுவும்மா. காஞ்சிட்டா போகாது” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் காலையில் அம்மா பெருக்கிக்கொண்டே மூலைக்கு வந்தாள். “காலைத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வாளி மட்டும் கிடந்தது. கொஞ்ச நேரம் துடைப்பத்தோடு அங்கேயே நின்றாள். பிறகு அவர் கால் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் பெருக்கினாள்.